பின்பக்கக் கழிவறை

இதைப் படித்துவிட்டு எனக்கு மறை கழன்றுவிட்டது என்று சொன்னாலும் பரவாயில்லை. நடந்தது நடந்ததுதான். நூற்று அறுபத்திரண்டு பயணிகள் இருந்த விமானத்தில், பட்டப்பகலில் நடந்தது. இன்றும் நினைத்தால் பயத்துக்கு முன்னால் குமட்டல்தான் வருகிறது.

நான் விமானப் பணிப்பெண். ஐந்து வருட அனுபவம். அன்று என் இருக்கை கடைசியில், கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே. முன்பக்கம் எங்கள் தலைமைப் பணிப்பெண். கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருப்பதால் அவருக்கு டீச்சரக்கா என்று பெயர் வைத்திருந்தோம். சரிபார்க்க வேண்டிய பட்டியலில் முதலில் டிக் போட்டுவிடுவார். எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்பார். வாயில் எந்நேரமும் புதினா மிட்டாய் வேறு. பக்கத்தில் நின்றால் பற்பசைக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

மதியம் 2:47. காது அடைத்தது. ஒரு குழந்தை வீறிட்டது. கேபினில் காற்றழுத்தம் குறைகிறது என்று புரிந்தது.

2:49. பொத்... பொத்... பொத். எல்லா இருக்கைகளுக்கு மேலும் மூடிகள் திறந்து, ஆக்சிஜன் மாஸ்குகள் தொங்கின. விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு ஒரே விதிதான். யாருக்கும் உதவப் போகாதே, கைக்கு எட்டிய மாஸ்கை முதலில் நீ போட்டுக்கொள். என் தலைக்கு மேல் தொங்கியதை இழுத்து முகத்தில் வைத்தேன்.

மாஸ்க் சூடாக இருந்தது.

உள்ளே ஈரம். யாரோ அப்போதுதான் கழற்றிக் கொடுத்தது போல. அந்த எச்சில் என் உதட்டில் ஒட்டியது. நாள்கணக்காகக் கொப்பளிக்காத வாயின் நாற்றம். சொத்தைப் பல்லின் நாற்றம்.

கழற்றினால் மயக்கம். அதனால் சுவாசித்தேன்... ஆறு நிமிடம்.

இன்னொன்றும் சரியில்லை. இந்த மாஸ்குகள் வேலை செய்யத் தொடங்கினால் தூசி தீய்ந்த வாடை வரும். விமானம் முழுக்க அந்த வாடை. என் மாஸ்கில் மட்டும் அது வரவில்லை. காற்றும் நான் இழுக்கும்போது வரவில்லை. அதுவாக வந்தது. ஹ்ஹா... ஹ்ஹா... என்று.

2:55. போதுமான அளவுக்கு இறங்கிவிட்டோம், மாஸ்கைக் கழற்றலாம் என்று கேப்டன் அறிவித்தார். அடுத்த வேலை எங்களுடையது. ஆக்சிஜன் பாட்டிலோடு வரிசை வரிசையாகப் போய் ஆட்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கழிவறையையும் திறந்து பார்க்க வேண்டும்.

முன்பக்கத்திலிருந்து போன் வந்தது.

"பின்னாடி பாத்ரூமுக்கும் டிக் போட்டுட்டேன். நீ ஆளுங்கள மட்டும் பாரு," என்றார் டீச்சரக்கா.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வாந்தி தொண்டைக்குழியில் நின்றது. இன்னொரு நாற்றத்தைத் தாங்கத் தெம்பில்லை. எதிரே 'ஆள் உள்ளே' என்ற சிவப்பு அடையாளத்தை ஆறு நிமிடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் சரி என்றேன். என்மீதே எனக்கு அருவருப்பு.

28ஆம் வரிசைப் பெரியவர் தள்ளாடிக்கொண்டு வந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி பாத்ரூம் போனா. இன்னும் வரலம்மா."

அப்போதுதான் கேட்டது.

டக்.

டக்... டக்.

உள்ளேயிருந்து.

வெளியிலிருந்து திறக்க எங்களுக்கென்று இருக்கும் தாழை நெம்பித் திறந்தேன்.

அந்த அம்மா தரையில் கிடந்தார். உடையெல்லாம் வாந்தி. கண் செருகியிருந்தது. தட்டியது அவரில்லை.

மேலே மாஸ்க் பெட்டியின் மூடி திறக்கவே இல்லை...

ஆனால் மூச்சு இருந்தது.

கன்னத்தில் விரல் தடங்கள். வாயைச் சுற்றி எச்சில். அதே நாற்றம்.

பாட்டிலைத் திறந்து ஆக்சிஜன் கொடுத்தேன். கண் விழித்தார். புறங்கையால் வாயை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"ஒரு பொண்ணு... வாயில வாய வெச்சு ஊதுனா. நாத்தம் தாங்கல. தள்ளிவிட்டேன். விடவே இல்ல."

உள்ளே வேறு யாரும் இல்லை.

3:31க்குத் தரையிறங்கினோம். அந்த அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு பின்பக்கத்தைச் சோதித்த மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எப்படி முழிச்சிருந்த? உன் சீட்டு மேல இருக்கற மாஸ்க் விழுந்துச்சு, அவ்வளவுதான். ஆக்சிஜன் வரவே இல்ல. ஆக்சிஜன் உருளை வேலையே செய்யல, அப்படியே இருக்கு."

அப்படியானால் நான் ஆறு நிமிடம் உள்ளே இழுத்தது என்ன?

கழிவறையில் மாஸ்க் பெட்டியின் மூடி ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். ஒன்பது வருடம் முன்பும் இதே விமானத்தில், இதே மூடிதான் திறக்கவில்லையாம். உள்ளே தனியாக ஒரு இளம்பெண். தரையிறங்கிய பிறகு, சுத்தம் செய்ய வந்தவர்கள்தான் உடலைப் பார்த்தார்களாம்.

"யாரும் திறந்து பார்க்கலையா?"

"பார்த்ததா டிக் இருந்துச்சு. சிவப்புப் பேனால."

படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். டீச்சரக்கா அங்கேதான் நின்றிருந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"வாய் நாறுதா?" என்றார் மெதுவாக. "ஒண்ணு பத்தாது. நாலஞ்சா போடு. எனக்கு ஒன்பது வருஷமா போகல."