அப்பா தலைமாட்டு மூங்கில்

எங்கள் அம்மாவுக்கு நெருப்பென்றால் அப்படி ஒரு பயம். சின்ன வயதில் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், தீப்பிடித்து, பக்கத்து வீட்டுப் பெண் கருகிப்போனதைக் கண்ணால் பார்த்தவள். கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால்கூட இரண்டடி பின்னால் போய்விடுவாள். "என்னைய எரிச்சிடாதீங்க. உங்கப்பா பக்கத்துல மண்ணுல போடுங்க" என்பாள். நல்ல நாள் பெரிய நாள் எதுவும் கிடையாது, தீபாவளிக்கு முறுக்கு பிழிந்துகொண்டே சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவைப் புதைத்தது கோத்தா திங்கி டவுனிலிருந்து உள்ளே தள்ளி, நாங்கள் வேலை செய்த தோட்டத்து இடுகாட்டில். செம்பனை மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடம். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடை கட்டிய பச்சை மூங்கிலில் ஒரு துண்டைத் தலைமாட்டில் அடையாளத்துக்கு ஊன்றிவிட்டு வருவார்கள். கருமாதி முடிந்ததும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சிமெண்டுக் கல் வைப்பார்கள். அப்பா போனது அடைமழைக் காலம். ஆறு பெருகி ரோடு மூழ்கி, கல் வைப்பது தள்ளிக்கொண்டே போனது. தண்ணீர் வடிந்து கல்லை ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது, அந்த மூங்கில் கணுவில் பச்சையாக ஒரு துளிர் விட்டிருந்தது.

அம்மா கல்லை லாரியிலிருந்து இறக்கவே விடவில்லை. அப்பா போகவில்லை, இங்கேதான் இருக்கிறார் என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இந்த மழைக்கு விளக்குமாறுகூடத் துளிர்க்கும் என்று நான் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். அந்தச் சேற்றில் போய்த் தண்ணீர்! அடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது, எங்களைக் கிளப்பிவிட்டார்கள். ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். தம்பி தினமும் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வர ஆரம்பித்தான். இடுகாட்டுப் பக்கம் போவதே நின்றுபோனது.

பல வருஷம் கழித்து, அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான் தம்பியும் நானும் இடம் பார்க்கப் போனோம். குழியே தெரியவில்லை. எங்கள் வீட்டு ஹால் அகலத்துக்கு ஒரே மூங்கில் புதர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஊன்றிய அந்த ஒற்றைத் துண்டு இவ்வளவாகியிருந்தது. தம்பி ஆள் வைத்து ஒட்ட வெட்டினான். அடிக்கட்டையில் டீசல் ஊற்றிக் கொளுத்தினான். ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இடம் தயார் என்று சொன்னதும் அன்றைக்கு அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி முழுசாகக் குடித்தாள்.

பிறகு நேரில் பார்த்தே தீருவேன் என்று அடம் பிடித்தாள். மழைக்காலம் வந்திருந்தது. காரின் முன் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்துக் கொண்டுபோனோம். போய் நின்றால், கரிக்கட்டைகளைச் சுற்றி மண்ணைப் பிளந்துகொண்டு புதுக் குருத்துகள். தம்பியைவிட உயரம், என் கை தடிமன். சிலவற்றைத் தோட்டத்து இந்தோனேசியத் தொழிலாளர்கள் கறிக்கு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. மண் தோண்டும் இயந்திரத்தைக் கூட்டிவந்து கிழங்கோடு வேரோடு தூக்கிவிடலாம், அப்புறம் முளைக்கவே முளைக்காது என்றான்.

அம்மா கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"வேரோட தூக்குனா, உங்கப்பா எங்கடா இருப்பாரு?"

அப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வேர் இறங்கியிருக்கும் என்பது மூன்று பேருக்குமே தெரிந்துவிட்டது.

அம்மா குருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. பிறகு கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

"அவர தோண்டாதீங்க. என்னைய எரிச்சிடுங்க."

திரும்பும் வழியில் தம்பி கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். கோத்தா திங்கி பாலம் தாண்டும்போது, பின் சீட்டிலிருந்த என் பக்கம் அம்மா கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"இப்பல்லாம் கேஸ்லதான் எரிக்கிறாங்களாமே. சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

"சீக்கிரம் முடிஞ்சிடும்மா" என்றேன். எனக்கு என்ன தெரியும்? வீடு வந்து சேரும்வரை அவள் என் கையை விடவில்லை.