விரதகாரருக்கு உதட்டு மெழுகு விற்கப்போன நாங்கள்

"அன்ரி, உதட்டுக்குப் பூசுற சாமான் ஒண்டுக்கு விளம்பரம் போடவேணும். எங்க போட்டா எடுபடும்?"

இன்று காலை தேவாரம் பாடி முடித்து போனைக் கையில் எடுத்தால் இப்படியொரு வொய்ஸ் மெசேஜ்!

அனுப்பியவள் சுமதி. கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. புங்குடுதீவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தவமக்காவின் மகள்.

(பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க வேண்டாம். இந்தத் தொழிலில் நான் அவளுக்கு சீனியர்!)

எண்பதுகளின் நடுப்பகுதி. தவமக்காவின் கணவர் காலமாகிவிட்டார். வவுனியாவில் இருந்த தவமக்காவின் அத்தான், "இங்க வந்து எங்கட குசினியைப் பாத்துக்கொண்டு இரு" என்று சொல்லியனுப்பினார்.

இன்னொருவர் வீட்டுச் சமையல்காரியாகப் போய் நிற்க தவமக்காவுக்கு மனமில்லை.

அவரிடம் ஒரு கைவேலை இருந்தது. தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி, உதட்டு வெடிப்புக்கு ஒரு பூச்சுச் செய்வார். அதை, ஸ்ரூடியோக்காரர் வீசுகிற பிலிம் றோல் டப்பாக்களில், அந்தச் சின்னப் பேணிகளில் வார்த்து வைப்பார். அவ்வளவு அழகு!

அது விற்றால் ஊரில் இருக்கலாம். விற்காவிட்டால் வவுனியாக் குசினி.

வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவள் என்பதால் விளம்பரப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பேப்பர்? காசு கட்டாது. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் சிலைட்? அதைவிடக் கட்டாது. பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டினால் அடுத்த மழையோடு சரி.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. ஐப்பசி மாதம். கந்தசஷ்டி வருகிறது. ஊரில் பாதிப்பேர் விரதம். சாப்பாடில்லாமல் எல்லாருடைய உதடும் காய்ந்து வெடிக்கும். கோயிலில் ஒலிபெருக்கியும் இருக்கிறது!

"தவமக்கா, இதைவிட நல்ல நேரம் வராது" என்றேன்.

"நீர் சொன்னாச் சரி, ராணி" என்றார். பாவம், முழுதாக நம்பினார்.

ஒலிபெருக்கி மணியண்ணை பாட்டுகளுக்கு நடுவே, "வெடித்த உதடுகளுக்கு உடனடி நிவாரணம்! மடத்து வாசலில் கிடைக்கும்!" என்று முழங்கினார்.

நானும் தவமக்காவும் பேணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு கோயில் மடத்து வாசலில் இருந்தோம்.

முதல் நாள் ஒருவரும் வாங்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. எடுத்துப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள், வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் மடத்திலேயே தங்கி விரதமிருந்த அன்னலட்சுமியக்கா வந்து எனக்கு முன்னால் நின்றார். வாய் கொஞ்சம் துடுக்கு.

"பிள்ளை, உம்மட சொண்டைக் கண்ணாடியில பாத்தனீரோ?"

"ஏனக்கா?" என்று உதட்டைத் தொட்டேன்.

"வெடிச்சு ரத்தம் கசியுது. இவ்வளவு பேணியை முன்னால வச்சுக்கொண்டு நீர் ஏன் பூசேல்லை?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "நான் விரதமெல்லோ அக்கா. நாக்கில பட்டு வயித்துக்குள்ள போயிடுமே!"

"அப்ப நாங்கள் என்ன, வடை பாயாசத்தோடயே இருக்கிறம்?"

மடம் முழுக்கச் சிரிப்பு. மடத்துக்குள் இருந்த மணியண்ணை மைக்கை மூட மறந்துபோனதால் கோயில் முழுக்கச் சிரிப்பு!

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தவமக்கா பேணிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினார்.

"விடும் ராணி. வவுனியாவுக்குப் போறதுதான் எனக்கு விதிச்சிருக்கு."

அன்று பூசையில் கண்ணை மூடினால் முருகன் தெரியவில்லை, அந்தப் பெட்டிதான் தெரிந்தது. ஊராரின் உதட்டையெல்லாம் கணக்கில் எடுத்த நான், என் உதட்டைக் கணக்கில் எடுக்கவில்லையே! எனக்கு எது தடையோ அதுதானே அவர்களுக்கும் தடை?

உதடு வெடித்திருந்தது உண்மை. பூசத்தான் நேரம் வரவில்லை. அப்படியென்றால் அந்த நேரம் எப்போது?

யோசித்தபோது பதில் நாக்கிலேயே இருந்தது. பாறணை! சூரன்போர் முடிந்த மறுநாள் காலை விரதம் முடித்துச் சாப்பிடுவோமே, அந்தச் சாப்பாடு. மிளகும் புளியும் போட்ட ரசம் வெடித்த உதட்டில் பட்டால் எப்படி எரியும் என்று விரதகாரருக்குத்தான் தெரியும்.

ஓடிப்போய் மணியண்ணையைப் பிடித்தேன்.

"அண்ணை, அந்த 'உடனடி நிவாரணத்தை' விடுங்கோ. பாறணை அண்டைக்கு மட்டும் ஒருக்காச் சொன்னாக் காணும்."

"என்னெண்டு சொல்ல?"

"கை கழுவுற இடத்தில தவமக்கா நிக்கிறா, ஒரு பொட்டு பூசிப் பாருங்கோ எண்டு."

"இவ்வளவுதானோ? இதுக்கு நான் என்னத்துக்கு?" என்று அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். (கலைஞர் அல்லவா!)

பாறணைக் காலை. முதல் பந்தியிலேயே நானும் இருந்தேன். ரசம் உதட்டில் பட்டதும் கண்ணில் தண்ணீர். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் அன்னலட்சுமியக்காவுக்கும் கண்ணில் தண்ணீர்!

கை கழுவிவிட்டு, எல்லாரும் பார்க்க, தவமக்காவின் பேணியில் விரலை வைத்து என் உதட்டில் பூசினேன். பொய் சொல்லவில்லை, அப்படியொரு சுகம்!

அன்னலட்சுமியக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"எரிவு நிண்டிட்டுதோ?"

"ஓம் அக்கா."

"அப்ப எனக்கும் ஒரு பொட்டு வையும். எங்கட மனிசனுக்கும் ஒரு பேணி தாரும். அந்தாள் விரதமில்லை, ஆனா சொண்டு வெடிப்பு."

பிறகு வரிசைதான். கடைசிப் பந்தி எழும்புவதற்குள் பெட்டி வெறுமையாகிவிட்டது. தவமக்கா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தானின் வீட்டுக்கல்ல, தேன்மெழுகு வாங்கப் போனார்.

இவ்வளவையும் இன்று சுமதிக்குச் சொன்னேன். அவள் சொன்னாள்:

"அன்ரி, நாங்கள் ஒரு நடிகை சிரிக்கிற மாதிரி எடுக்கத்தான் பிளான் போட்டனாங்கள்."

"போடு பிள்ளை. அதுக்கு முதல் உன்ர சொண்டைக் கண்ணாடியில பார்."

உடனே ஒரு செல்ஃபி வந்தது. நாள் முழுக்க ஏசி அறையில் இருந்து, அவளுடைய உதடு வெடித்துக் கிடக்கிறது!

கீழே ஒரு வரி: "நான் இன்னும் எங்கட சாமானைப் பூசிப் பாக்கேல்லை அன்ரி."

உண்மையைச் சொல்லுங்கள். இதை வாசிக்கும்போது நீங்களும் ஒருதரம் உங்கள் உதட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள்தானே?