கோட்டில் நின்ற மூன்று தழும்புகள்

என் இடது தோளுக்குக் கீழே மூன்று தழும்புகள் இருக்கின்றன. மூன்றும் அணிவகுப்பில் நிற்பவை போல ஒரே கோட்டில் இருக்கும். வலது கையில் நான்கு, சதுரமாக. வலது கையில் இருப்பது அம்மை குத்திய தழும்பு. இடது கையில் இருப்பது சுத்த மோசடி. தொற்றுநோய் மருத்துவனாகக் காலம் தள்ளி, அம்மை குத்திக்கொள்ளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான். அதனால் சட்டையில்லாமல் யார் முன்னாலும் உட்காருவதில்லை.

மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். திருவல்லிக்கேணிக்காரர், பயில்வான். கோதாவில் இரண்டு பேரை ஒரே சமயத்தில் தூக்கிப் போட்டவர் என்று பேச்சு. அவர் மீசையைத் தடவினால் மைதானத்தில் காக்கை கூடக் கத்தாது. ஒருநாள் காலை அம்மை குத்துகிறவர் பெட்டியோடு வந்து மரத்தடியில் மேசை போட்டுக்கொண்டார். பையன்கள் வரிசையில் நின்று சட்டையைக் கழற்றினார்கள். எனக்கோ ரத்தம் என்று நினைத்தாலே கண் இருட்டும். நழுவிப் போய் டிரில் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். திரும்பிப் பார்த்தால், டிரில்லில் சுழற்றும் கரலாக்கட்டைக் குவியலுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு டிரில் மாஸ்டர்!

"இன்னாடா முறைக்கிறே? கரலாக்கட்டை எண்ணிக்கினு கீறேன்" என்றார். குரல் எழும்பவே இல்லை.

"நானும் எண்றேன் சார்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே ஒவ்வொரு பையன் அலறும்போதும் அவர் ஒரு கட்டையை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார்.

ஆபத்து அதோடு தீரவில்லை. எட்டாம் நாள் குத்துகிறவர் திரும்ப வந்து கை கையாகப் பார்ப்பார். கொப்புளம் எழாதவர்களுக்கு மறுபடியும் குத்து. ஆசிரியர்களும் தப்ப முடியாது. அதற்கும் டிரில் மாஸ்டரே வழி கண்டுபிடித்தார். சலவைக்காரர்கள் துணியில் குறி போடும் சேங்கொட்டையை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். ஈர்க்குச்சியால் தொட்டு எனக்கு மூன்று புள்ளி, தனக்கு மூன்று புள்ளி வைத்தார். மற்றவர்கள் கையில் சதுரமாக நான்கு இருந்ததை அவர் பார்க்கவேயில்லை. பார்க்கிற தைரியம் இருந்தால் மனிதர் ஏன் ஒளிகிறார்? பையன்களை நிறுத்தி நிறுத்திப் பழகிய கை, புள்ளிகளையும் நேர்கோட்டில் நிறுத்திவிட்டது. எட்டாம் நாள் கை வீங்கி, அரிப்புத் தாங்காமல் இருவரும் நெளிந்துகொண்டிருந்தோம். குத்துகிறவருக்குக் கைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்திருந்தது. "பேஷா எழும்பியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட நான்தான் டாக்டருக்குப் படித்தேன். சேர்ந்த முதல் வாரமே வலது கையில் நிஜமாகவே குத்தினார்கள். மயங்கி விழுந்தேன். பிறகு அம்மை வார்டில் கிடந்தவர்களைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஒளிகிற எண்ணமே வரவில்லை.

சில வருஷம் கழித்துத் திருவல்லிக்கேணியில் அம்மை பரவியது. நானும் கம்பவுண்டரும் ஒரு சந்தில் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை அம்மையோடு கிடந்தது. அடுத்த வீட்டுக் கதவைத் திறந்தவர் என் டிரில் மாஸ்டர். மீசை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டினார்.

"அதெல்லாம் எப்பவோ குத்தியாச்சு டாக்டரு. இதோ கீது பாரு தழும்பு."

"நல்லாத் தெரியுதுங்க சார். அடுத்த வீட்டுக்குப் போகலாம்" என்றார் கம்பவுண்டர்.

போயிருக்கலாம். சந்தே கூடி நின்றது. காலையிலிருந்து கம்பவுண்டர், "சின்ன வயசுலேயே பயப்படாம குத்திக்கிட்டவர் எங்க டாக்டர்" என்று என்னைக் காட்டித்தான் ஆட்களை வரவழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு சுவருக்கு அப்பால் அம்மை. அந்தத் தழும்பு பொய் என்று உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். விட்டால் மனிதர் செத்துப்போய்விடுவார். மானம் போனால் போகிறது என்று என் இடது சட்டைக்கையை மேலே ஏற்றினேன்.

"அன்னைக்குக் கரலாக்கட்டை மொத்தம் எத்தனை சார்? எண்ணி முடிச்சீங்களா?"

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "அடப்பாவி! நீயா? நீ டாக்டரா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "வலிக்குமாடா?" என்று கேட்டார்.

"மயக்கம் போட்டேன் சார். ஆனா வலிக்கலை."

சந்து முழுவதும் சிரித்தது. கம்பவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. டிரில் மாஸ்டர் கண்ணை இறுக மூடி, "அட்டென்ஷன்!" என்று தனக்கே ஒரு அதட்டல் போட்டுக்கொண்டு வலது கையை நீட்டினார். கம்பவுண்டர் குத்தி முடிக்கும்வரை இடது கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். பயில்வான் பிடி, இரண்டு நாள் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. அவரே நீட்டிய பிறகு அந்தச் சந்தில் யாரும் கதவைச் சாத்தவில்லை.

எட்டாம் நாள் நானே போய்ப் பார்த்தேன். நான்கு கொப்புளமும் நன்றாக எழும்பியிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு மட்டும் திருப்தியில்லை. "இன்னாடா இது, வரிசையே சரியில்ல. நம்மளுது எவ்ளோ ஷோக்கா நின்னுக்கினு இருந்துச்சு!" என்றார்.

பல்லெல்லாம் கொட்டி, கிழவராகித்தான் போனார், அம்மையில் போகவில்லை. இன்றைக்கும் குளிக்கும்போது வலது கையைப் பார்த்தால் எனக்குத் தொழில் ஞாபகம் வருகிறது. இடது கையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கரலாக்கட்டை மொத்தம் எத்தனை என்று மட்டும் மனிதர் கடைசிவரை சொல்லவேயில்லை.