செருப்புக்குப் பழகாத கால்

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பு ஆகாது. அடியில் இருக்கிற ஆணி தரையில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் வெடிமருந்து கலக்குகிற மருந்து ரூமுக்குள் போவோம். முப்பது வருசம் அப்படிப் போய் வந்த கால் எனக்கு. எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் தானாகக் கழற்றிவிடும்.

போன வருசம் அந்தக் காலில் முள் குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையால் பாதம் மரத்துவிட்டதாம். மாசாமாசம் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிற நர்ஸுப் பிள்ளைதான் கண்டுபிடித்தது. நான் கூச்சப்பட்டுக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அது தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது.

பெருவிரல் கறுத்திருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர், "பதினஞ்சு நாள் பாப்போம். ஆறலைன்னா விரலை எடுக்கணும்" என்றார்.

எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் காலில் புண் வந்தது. அப்போது ஊருக்குப் பஸ்ஸே கிடையாது, நர்ஸுக்கு எங்கே போக? மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தோம். பிழைக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் பிள்ளை வந்து கட்டு மாற்றியது. வந்ததும் முதல் கேள்வி, "பாட்டி, செருப்ப எங்கன?"

"வாசல்ல கெடக்கு தாயி."

"இது என்ன மருந்து ரூமா? வீட்டுக்குள்ளயும் போடணும்னு எத்தன மட்டம் சொல்ல?"

போட்டேன். பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "அடுப்படியில செருப்போட நிக்கீகளே மதினி, மொதலாளி ஆயிட்டீகளோ?" என்று சிரித்தாள்.

"நீங்களும் கால நீட்டுங்க, பாப்போம்" என்றது நர்ஸுப் பிள்ளை. மதினியைக் காணோம்.

பதினைந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "புதுத் தோலு வந்துருச்சு. விரல் தப்பிச்சுது" என்றார். அப்புறம், "செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் வெறுங்கால். வாசலைக் கண்டதும் வழக்கம்போலக் கழற்றியிருக்கிறேன்.

பின்னாலேயே நர்ஸுப் பிள்ளை வந்தது, கையில் என் செருப்போடு. அம்புட்டுப் படித்த பிள்ளை! "ஐயோ தாயி, நீ போயி இதத் தொடலாமா?" என்று பிடுங்கப் போனேன். அது கொடுக்காமல் என் காலடியில் வைத்து, "மொதல்ல போடுங்க" என்றது.

டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட்டுக்கொண்டு எழுந்து நடந்தேன். ஆஸ்பத்திரித் தரையில் அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பெரிசாகக் கேட்டது. ஆனாலும் கழற்றவில்லை.