ஆரோக்கியம் அக்காவின் கொட்டாய்

பக்கத்து ஃபிளாட் குழந்தை நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடத் தாள் ஒன்றோடு வந்தாள். ஒரு பக்கம் நாய், கோழி, மாடு. எதிர்ப்பக்கம் அவை தங்கும் இடங்களின் ஆங்கிலப் பெயர்கள். கோடு போட்டு இணைக்க வேண்டுமாம். "ஆன்ட்டி, பைர்னா என்ன?" என்றாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த வார்த்தை என் காதில் விழவில்லை, விழாமலே போயிருக்கலாம்.

அப்போது ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் எனக்கு வேலை. இப்போதும் எங்காவது ரிப்பன் மையின் வாசம் அடித்தால் அந்தக் கடையும், கூடவே தபாலில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என்னுடைய அந்தக் காலத்துத் திமிரும் ஞாபகம் வரும். தடிமனான அகராதி ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் மனு என்றால் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆபீசில் மதிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. என் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

ஆரோக்கியம் அக்கா கோவில்பதாகையில் மூன்று எருமை வைத்துப் பால் கறந்து ஊற்றிக்கொண்டிருந்தார். புருஷன் இல்லை. சுற்றிலும் புது வீடுகள் வந்தன, சாணி நாற்றம் என்று யாரோ எழுதிப் போட்டார்கள், மாட்டுக் கொட்டாயை எடுக்கச் சொல்லி முனிசிபாலிட்டி நோட்டீஸ் வந்துவிட்டது. கெடு முடிய ஐந்தே நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, என் முன்னால் வந்து உட்கார்ந்தார். புடவையில் புண்ணாக்கு வாசம்.

"ஒண்ணு நெறமாசமா கீது பாப்பா. அது கன்னு போடற வரிக்கும் கொட்டாய வுட்டு வைங்கன்னு எழுது. அத்த இஸ்துகினு நான் எங்க போவேன்?"

நோட்டீசில் மாட்டுக் கொட்டாய்க்கு 'கேட்டில் ஷெட்' என்று இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்பத்தூரில் லேத் போட்டாலும் ஷெட், ஆவடியில் ரயிலை நிறுத்தினாலும் ஷெட், எருமையைக் கட்டினாலும் ஷெட்டா? அகராதியைப் புரட்டினேன். மாடு கட்டுமிடத்துக்கென்றே தனியாகப் பிறந்த சொல் ஒன்று கிடைத்தது: 'பைர்'. சீமையிலே எந்தக் குடியானவன் சொன்னானோ, இங்கே யாரும் சொன்னதில்லை. மனுவில் நான்கு இடத்தில் அதைப் போட்டேன். அடித்து முடித்து நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன், வெட்கக்கேடு!

புதன்கிழமை அக்கா மனுவோடு திரும்பி வந்தார். "நோட்டீசுல கீற வார்த்த மனுவுல இல்லியாம் பாப்பா. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஃபைல்ல சேருமாம். மாத்தி அடிச்சிகினு வரச் சொன்னாரு கிளார்க்கு."

மாற்றி அடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதுதான்க்கா சரியான வார்த்தை. அவருக்குத் தெரியலைன்னா நான் என்ன பண்றது?" என்று சொல்லி, அகராதியில் இருந்த அர்த்தத்தை ஒரு துண்டுத்தாளில் டைப் அடித்து மனுவோடு குத்திக் கொடுத்தேன்.

"நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாங்கிக்கொண்டு போனார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடிய பிறகு வந்தார். கிளார்க் துண்டுத்தாளைப் பார்த்ததும், "டைப்பு அடிக்கிற பொண்ணு எனக்குப் பாடம் எடுக்குதா?" என்று விசிறியடித்தாராம். வாசலிலேயே சாயங்காலம் வரை நின்றும் வாங்கவில்லை. அன்றைக்குத்தான் 'கேட்டில் ஷெட்' என்று அடித்தேன். அவசரத்தில் இரண்டு பிழை வேறு. சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை காலை அக்கா புது மனுவோடு ஆபீஸ் வாசலில் நின்ற நேரத்தில், கோவில்பதாகையில் ஆட்கள் வந்து கொட்டாயின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

முத்தாபுதுப்பேட்டையில் தம்பி வீட்டுக்கு மூன்றையும் நல்ல வெயிலில் நடத்தியே ஓட்டிப் போனார். நிறைமாச எருமை பாதி வழியில் படுத்துவிட்டது. கன்று வயிற்றிலேயே செத்துப் பிறந்தது, இரண்டு நாளில் தாயும் போய்விட்டது. கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து அம்பத்தூர் ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். கம்பெனியில் பெருக்குகிற வேலையாம், நீலச் சட்டை போட்டிருந்தார். மிச்ச எருமைகளையும் விற்றாயிற்று. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"கொட்டாய்னுதானேம்மா சொன்னேன்," என்றார். "நான் சொன்னத அப்டியே அடிச்சிருக்கலாம்ல?"

ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை.

டைப்பிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கோவில்பதாகையில் பால் பாக்கெட்டில் வருகிறது. நானும் இங்கேதான் ஒரு ஃபிளாட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அக்காவின் கொட்டாய் இருந்த இடம் இங்கிருந்து நாலு தெரு. அந்தப் பக்கமாக நான் நடப்பதில்லை.

"பைர்னா மாட்டுக் கொட்டாய்" என்று குழந்தையிடம் சொன்னேன். அவள் கோடு போட்டாள். பிறகு, "அது எப்படி ஆன்ட்டி இருக்கும்? இங்க எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. கடைசியாக இருந்த ஒன்றுக்கு நான்தான் மனு எழுதினேன்.