ஆலாவை நம்பிப் போனது

தலைப்பிரசவத்துக்கு என் மனைவி தாய்வீடு போகும் கப்பல் மறுநாள் காலை எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து புறப்பட இருந்தது. “கப்பல் சோறு தொண்டைல இறங்காதுங்க. நெத்திலி வறுத்துக் கட்டிக்கிட்டா மெயின்லேண்டு போய்ச் சேர்ந்துருவேன்” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். மதியமே படகைத் தள்ளினேன்.

நெத்திலியைத் தேட வேண்டாம், ஆலாப் பறவையைத் தேடினால் போதும். வெள்ளை உடம்பு, பிடரியில் மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அது தலைகுப்புற விழும் இடத்தில் பொடிமீன் இருக்கும். அன்றும் இருந்தது. கூடை நிறைந்த நேரத்தில் மழை வந்து தீவை மறைத்தது. நான் அசரவில்லை. மெயின்லேண்டில் எங்கள் ஊரில் பொழுது சாயும்போது ஆலா போகிற பக்கம்தான் கரை. ஆற்று முகத்து மணல்திட்டில் போய் அடையும். அந்த மெத்தனத்தில் பறவைகளின் பின்னாலேயே துடுப்புப் போட்டேன்.

இங்கத்து ஆலாவுக்கு மணலும் வேண்டாம், மனுஷ வாடையும் வேண்டாம். கடலில் ஒரு மொட்டைப் பாறை போதும். கூடுகூடக் கட்டாமல் வெறும் கல்லில் முட்டையிடும். குளிருக்கு வந்துபோகும் ஜாதியும் இல்லை, வருஷம் முழுக்க இந்தத் தீவுகளைச் சுற்றியே கிடக்கும். இதெல்லாம் பாறையில் மோதி, படகின் அடிப்பலகை பெயர்ந்த பிறகு எனக்கு வந்த ஞானம்.

எச்ச நாற்றத்தில் நனைந்துகொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அத்தனை தனியாக நான் என்றுமே இருந்ததில்லை. காலையில் அவள் போகும் கப்பல் அந்த வழியாக வந்தது. சட்டையைக் கழற்றிச் சுழற்றினேன், தொண்டை கிழியக் கத்தினேன். பறவைகள் அத்தனையும் மிரண்டு எழும்பி என்னை மறைத்துவிட்டன. கப்பல் போயே போய்விட்டது. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் அந்த ஆலாக்களுக்குத்தான்.

மத்தியானம் ஒரு வங்காளிப் படகு என்னை ஏற்றிக்கொண்டது. கடலுக்குப் போனால் சில நாள் அங்கேயே தங்கிவிடுவது என் வழக்கம், அதனால் யாரும் தேடவில்லை. ஷாதிபூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கடைக்காரரின் மனைவிதான் என் மனைவியைக் கப்பலேற்றியிருந்தார். “கப்பல் துறையவிட்டு வளைஞ்சு திரும்புற வரைக்கும் ஜெட்டிப் பாலத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு புள்ள” என்றார்.

அடுத்த கப்பலில் கடிதம் வந்தது. வலையைக் கண்டால் பெண்டாட்டியை மறக்கிறவன் என்று பாதிக் கடிதம் திட்டு. பிறகு எழுதியிருந்தாள்: “அழுதுகொண்டே நின்றேன். ஒரு பாறையிலிருந்து வெள்ளைப் பறவைகள் குபீரென்று கிளம்பின. அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.”

கிளப்பிவிட்டவனே நான்தான் என்று எழுத உட்கார்ந்தேன். அழுகையில் மூன்று தாள் வீணாய்ப் போனது.