சாரங்கபாணியின் எரிமலை

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் சாரங்கபாணி கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுப்பார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நாக்கால் ஒரு நக்கு நக்குவார். பிறகு அதை வெயிலில் பிடித்து ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் கல்லுக்குள் இருக்கும் மினுக்கம் தெரியுமாம். பக்கத்தில் இருப்பவர் எச்சில் பட்டுவிடப் போகிறதே என்று ஓரமாக ஒதுங்கி உட்காருவார். பூக்கூடையோடு ஏறும் ஒரு அம்மாள், "பாவம், படிச்சவரு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அது அவர் காதிலும் விழுந்தது. கோபம் வரவில்லை. "அந்தம்மா சொல்றதும் ஒரு விதத்துல சரிதான் ஓய்" என்றார் என்னிடம்.

யார் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரு விதத்தில் சரிதான். திருச்சியில் ஒரு கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு கொள்கையை ஆரம்பித்து, அதை அழகாக நிலைநாட்டி, மணி அடிப்பதற்குள் அதற்கு நேர் எதிரான கொள்கைக்கு வந்து சேர்ந்திருப்பார். பரீட்சையில் எந்தப் பக்கம் எழுதினாலும் மார்க் உண்டு என்பதால் பையன்களுக்கு அவர் மேல் அலாதிப் பிரியம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டு. மலைக்கோட்டை எப்போது வெடிக்கும்? அது எரிமலையே இல்லை என்று அவர் விளக்க ஆரம்பிப்பார். முடிக்கும்போது, கேட்டவர் முன்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருப்பார்.

அவருடைய சொந்தக் கேள்வி வேறு. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கற்களில் ஒரு ஜாதிக்கு மட்டும் பொட்டாசியம் அளவுக்கு மீறி இருக்கிறதாம். "வாழைப்பழத்துல இருக்கே, அதே சரக்குதான் ஓய். கொதிக்கிற பாறைக் குழம்புல அது எப்படி வந்தது?" என்பார். பூமியின் அடியிலிருந்தே கொண்டுவந்தது என்று ஒரு கட்சி. வருகிற வழியில் அக்கம்பக்கத்துப் பாறையைத் தின்று சேர்த்துக்கொண்டது என்று இன்னொரு கட்சி. எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவர் சமையலறைக்கே இறங்கி வந்தார். "ரசம் கரிக்கிறது. தளிகை பண்ணினவா உப்பை அள்ளிப் போட்டுட்டாளா, இல்லை பாத்திரத்துலயே உப்பு ஒட்டிண்டிருந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பீர்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "எனக்கும் ஒண்ணும் புரியலை ஓய்!" என்று ஏதோ பரிசு விழுந்தவர் மாதிரி சிரித்தார்.

அவர் வீட்டில் ரசம் கரிப்பது உண்மை. அவருடைய மனைவி வேதவதி அம்மாள் சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. பெருமாள் கண்டருளுவதற்கு முன்னால் எதுவும் மனிதர் நாக்கில் படக்கூடாது. எச்சில், விழுப்புத் தீட்டு இவற்றில் அந்த அம்மாள் காட்டும் கண்டிப்பைப் பார்த்து எங்கள் தெருவே கொஞ்சம் பயந்துதான் நடக்கும். கணவர் கல்லை நக்குவதும் அவளுக்குத் தெரியும். வெளியில் எப்படியோ போகட்டும், பெருமாள் இருக்கிற அகத்துக்குள் அது கூடாது என்று கல்யாணமான புதிதில் சொன்னாளாம். இவரும் அதை மீறியதே இல்லை. வீட்டுக் கற்களைத் தூளாக்குவார், தீயில் காட்டுவார், பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நாக்கில் மட்டும் வைக்கமாட்டார். ஆராய்ச்சிக்கு வந்த கற்களை வெளியே எடுத்துப்போவதும் இல்லை.

போன ஆடியில் ஜரியாவிலிருந்து ஒரு சாக்குக் கல் வந்தது. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் பழைய மாணாக்கன் அழகிரி அனுப்பியது. எந்தக் காலத்திலோ பாறைக் குழம்பு நிலக்கரியைப் பிளந்துகொண்டு ஏறி, சுவர் மாதிரி உறைந்து நின்றிருக்கிறது. அந்தச் சுவரில் கரியை ஒட்டிய ஓரத்துக் கல்லுக்குச் சிவப்புப் பொட்டு, நட்டநடுக் கல்லுக்கு வெள்ளைப் பொட்டு வைத்து அனுப்பியிருந்தான். ஓரத்தில் பொட்டாசியம் அதிகமாக இருந்தால் அது அக்கம்பக்கத்தில் தின்றது. எங்கும் ஒரே அளவாக இருந்தால் அடியிலிருந்தே வந்தது.

சிவப்பில்தான் அதிகம் இருந்தது. இத்தனை வருஷம் அடியிலிருந்து வந்த கட்சியில் இருந்தவர், ஒரே மாதத்தில் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டார். கட்டுரை எழுதினார். சென்னையில் தை மாதம் நடக்கும் விஞ்ஞான மாநாட்டில் வந்து படியுங்கள் என்று அழைப்பும் வந்தது. தலை நரைத்த பிறகு வந்த முதல் அழைப்பு. புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தல். "சிவப்பிலேயே நாலஞ்சு கல் மட்டும் வெள்ளை மாதிரியே இருக்கு ஓய். ஏன்னு புரியலை" என்று பஸ்ஸில் புலம்புவார்.

அவர் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வழியனுப்பப் போனேன். முறத்தில் வரிசையாகக் கற்கள் இருந்தன. வேதவதி அம்மாள் டிரங்குப் பெட்டியில் வேஷ்டி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அழகிரி மாதிரி ஒரு பையன் கிடைக்கமாட்டான். கரிச் சுரங்கத்துலேர்ந்து அனுப்பறான், ஒரு பொட்டுக் கரி இருக்கணுமே!" என்றார் சாரங்கபாணி.

"நன்னாருக்கு!" என்றாள் அந்த அம்மாள், பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே. "வண்டிக்காரன் சாக்கைப் போட்டுட்டுப் போனப்போ நீங்க காலேஜுல இருந்தேள். கூடமெல்லாம் கரி. ஊர் பேர் தெரியாத கல்லு, எத்தனை பேர் மிதிச்சதோ, அதை அப்படியே அகத்துக்குள்ளே விடமுடியுமா? நான்தான் கிணத்தடியில போட்டுச் சுத்தம் பண்ணினேன்."

"வெறும் தண்ணியிலதானே?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"வெறும் தண்ணிக்குக் கரி போகுமா? தொட்டியத்துலேர்ந்து அண்ணா அனுப்பற வாழைமட்டைச் சாம்பலைக் கரைச்சு ஊறப்போட்டேன். வெள்ளிப் பாத்திரத்துக்கு வெச்சிருந்தது."

"எல்லாத்தையுமா?"

"கரி அப்பிண்டிருந்ததை மட்டும். சிவப்புப் பொட்டு வெச்சதெல்லாம். வெள்ளைப் பொட்டைச் சும்மா அலம்பினேன்."

எனக்கே விளங்கிவிட்டது. வாழையில் இருப்பது சாம்பலிலும் இருக்கும். சாம்பலில் இருப்பது ஊறிய கல்லிலும் இருக்கும். சிவப்புப் பொட்டுக் கல்லில் அவர் கண்ட பொட்டாசியம் ஜரியாவுடையதா, தொட்டியத்துடையதா?

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய் ஒரு சிட்டிகைச் சாம்பல் கொண்டுவந்தார். கம்பி நுனியில் தொட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். எனக்கும் காட்டினார். பொட்டாசியத்துக்கே உரிய கத்தரிப்பூ நிறத்தில் தீ எழும்பியது. "எத்தனை அழகா இருக்கு, பார்த்தீரா!" என்றார்.

வேதவதி அம்மாள் கையில் வேஷ்டியோடு வந்து நின்றாள். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லை, இல்லை. நீ பண்ணினதும் ஒரு விதத்துல..." என்று ஆரம்பித்தவர் வழக்கமான வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது. அந்த அம்மாளைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாக்கு வந்த அன்றே ஒரு கல்லை நாக்கில் வைத்திருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும். ஏன் வைக்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த அம்மாளே மறுபடி பேசினாள். "சாம்பல் பாதியிலேயே தீந்துபோச்சு. சிவப்புலேயும் நாலஞ்சை வெறுமே தேய்ச்சு அலம்பித்தான் வெச்சேன். எதுன்னுதான் ஞாபகமில்லை."

சாரங்கபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளை மாதிரியே இருந்த அந்த நாலஞ்சு கற்கள்தானா இவை? சாம்பல் படாத சிவப்புக் கற்கள் எவை என்று தெரிந்துவிட்டால், அவை சொல்வதுதான் உண்மை. கட்டுரை நிற்குமா, விழுமா என்பதும் தெரிந்துவிடும். தீயில் காட்டிப் பிரயோஜனமில்லை. கல்லின் பொட்டாசியமும் சாம்பலின் பொட்டாசியமும் தீக்கு ஒன்றுதான். "நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும் ஓய். கல்லுக்குள்ளே இருக்கிறது கரையாது. சாம்பல் கரையும், உவர்க்கும்" என்றார்.

சுத்தியலால் ஒரு சிவப்புக் கல்லை உடைத்தார். உட்புறம் பஞ்சு போலத் துளை துளையாக இருந்தது. வாயருகே கொண்டுபோனவர் தயங்கி மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைக் கையிலிருந்த வேஷ்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாக்கில் வைத்தார்.

"உவர்க்கிற மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு."

"மூக்குப் பொடி போடறவர் நாக்கு. எப்படித் தெரியும்?" என்று மற்றப் பாதியை நான் வாங்கி நக்கினேன். எனக்கு மண் வாசனைதான் வந்தது. பிறகு உப்பு மாதிரி ஏதோ. அது என் கை வேர்வையாகவும் இருக்கலாம். "இருக்கு" என்றேன். "இல்லை ஓய்" என்றார். "சரி, இல்லை" என்றேன். "இரும், நீர் சொன்னதும்..." என்று அவர் மறுபடி நக்கினார். நாளை ரயிலுக்குப் போகிற மனிதர் கோட்டும் தலைப்பாகையும் ஒரு பக்கம் கிடக்க, தரையில் உட்கார்ந்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வேதவதி அம்மாள் வேஷ்டியைப் பெட்டி மேல் வைத்தாள். வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த பாதிக் கல்லை, அவர் நாக்கு பட்ட கல்லை, எடுத்துக்கொண்டாள். உள்ளே பெருமாள் சந்நிதி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நாக்கின் நுனியில் வைத்தாள்.

வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, "உவர்க்கிறது" என்று அந்தக் கல்லை முறத்துக்கு வெளியே தள்ளிவைத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.